தோளிலிருந்து விரல் வரை

அன்று ஞாயிற்றுக்கிழமை என்பது அவள் உடம்புக்கு மட்டும் தெரியவில்லை. வழக்கம்போல் ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது. இன்று சங்கு ஊதாது, வேன் வராது, பேசாமல் தூங்கு என்று உடம்புக்கு எடுத்துச் சொல்லி மறுபடியும் படுத்துப் பார்த்தாள். கேட்டால்தானே. வலது தோள் விண் விண்ணென்று தெறித்தது. கண்ணைத் திறந்தால், அறை மூலையில் நீலத் துணி மூட்டை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் இலாஸ்டிக். அந்த வரிசையில் யாருக்கும் வீட்டில் வைத்த பெயர் கிடையாது. பாக்கெட் தைப்பவள் பாக்கெட், பக்கவாட்டுத் தையல் போடுபவள் சைடு அக்கா, கீழ்மடிப்பு அடிப்பவள் மடிப்பு. உண்மையான பெயர்கள் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தன. இரண்டு பக்கமும் மூடி, வட்டமாக வரும் ஸ்கர்ட்டை வாங்கி, இலாஸ்டிக்கை வெட்டி வளையமாக்கி, இடுப்பில் வைத்து இழுத்துத் தைத்து அடுத்தவளிடம் தள்ளுவதுதான் இவள் வேலை. நாளுக்கு அறுநூறு. பதினோரு வருஷமாக அது ஒன்றேதான்.

ஆக, முழு ஸ்கர்ட் ஒன்றை அவள் இதுவரை தைத்ததே இல்லை. இதை வீட்டில் சொன்னால் யார் நம்புவார்கள்?

"ஒரு நாளைக்கு அறுநூறு தைக்கிறவளுக்கு ஒண்ணே ஒண்ணு தைக்கறது என்ன பெரிய மலையா?" என்றான் புருஷன், போர்வைக்குள்ளிருந்தே. அவன் வேன் ஓட்டுபவன். அவனுக்கும் ஒரே ஒரு ஞாயிறுதான்.

"நீங்க ஒரு நாளைக்கு நூறு தடவை பிரேக் மிதிக்கிறீங்க. போய் ஒரு வண்டி செஞ்சு கொண்டாங்க பாப்போம்."

போர்வை தலைக்கு மேல் ஏறியது.

எட்டு வயது மகளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறு மாதத்தில் அவள் கிடுகிடுவென்று வளர்ந்து, பள்ளிக்கூட ஸ்கர்ட் முட்டிக்கு மேல் ஏறிவிட்டது. 'திங்கட்கிழமை சரியான நீளத்தில் அணிந்து வரவும்' என்று டீச்சர் டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருந்தார். போன ஸ்கர்ட்டைத் தைத்துக் கொடுத்தது சைடு அக்கா. "பெரியம்மா தச்சது" என்று வாலு வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தாள். இந்தத் தடவையும் அக்காவிடம் துணியை நீட்டியிருந்தால் முடிந்துபோயிருக்கும். ஆனால் பன்னிரண்டு நாளாக இருவருக்கும் பேச்சில்லை.

நடந்தது இதுதான். பன்னிரண்டு நாளைக்கு முன்னால், மதியம் மூன்றரை மணி, அந்த நேரத்தில் வரிசையில் எல்லோருடைய கண்ணும் திறந்திருக்கும், ஆள்தான் உள்ளே இருக்க மாட்டாள். செக்கிங் மேசையிலிருந்து நாற்பது ஸ்கர்ட் கொண்ட ஒரு கட்டு திரும்பி வந்தது. எல்லாம் சின்ன சைஸ். ஒவ்வொன்றிலும் இடுப்பு நாலு விரல் தொளதொளவென்று இருந்தது. சூப்பர்வைசர் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அவர் பேக்கிங்கிலிருந்து புதிதாக வந்தவர், அட்டைப்பெட்டி தெரிந்த அளவுக்குத் தையல் தெரியாது.

"இது யார் பண்ண வேலைம்மா?"

பயத்தில் இவள் வாயில் முதலில் வந்தது வெளியே விழுந்தது. "சைடுல துணியைக் கம்மியாப் பிடிச்சிருப்பாங்க சார். அதான் இடுப்பு அகலமாப் போச்சு."

முன் இருக்கையில் இருந்த சைடு அக்கா திரும்பிப் பார்த்தாள். ஒன்பது வருஷமாக இவள் பார்த்துக்கொண்டிருப்பது அக்காவின் முதுகைத்தான். பின்கழுத்து மச்சம், வலப்பக்கம் சாய்ந்தே இருக்கும் கொண்டை, மூன்று மணிக்கு மேல் இறங்கிவிடும் தோள்கள், எல்லாம் மனப்பாடம். முகம்தான் அபூர்வம். அன்று அந்த முகம் கோபப்படவில்லை. ஏதோ கணக்குக்கு விடை வராதது மாதிரி இவளையே பார்த்தது. அவ்வளவுதான்.

மறுநாள் அக்காவைப் பிசிர் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். தைத்து வந்த துணியில் தொங்கும் நூலை வெட்டும் மேசை அது, வரிசைக்கு நேர் எதிரே. அங்கே உட்கார இடம் கிடையாது. காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை நிற்க வேண்டும். அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு கிடக்கும். நேற்று, சனிக்கிழமை, சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்: திங்கள் காலையில் சைடு இருக்கையை, இப்போது அதில் தைத்துப் பழகும் புதுப்பெண் பெயரில் எழுதிவிடுவார்களாம். எழுதிவிட்டால் அப்புறம் அக்காவுக்கு அந்த மேசைதான்.

தான் சொன்னது உண்மைதானே என்று இவள் தனக்குத்தானே நூறு தடவை சொல்லிப் பார்த்தாள். நூறு தடவை சொல்ல வேண்டியிருந்ததுதான் கொஞ்சம் உறுத்தியது.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் மிச்சத் துணியைக் குவித்துவிடுவார்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். இந்த மாதம் தொழிற்சாலையில் ஓடுவது கருநீலம். வாலுவின் பள்ளிக்கூட நிறமும் அதுவே. இவள் குனிந்து நல்ல துண்டாகத் தேடும்போது, பக்கத்தில் செருப்பில்லாத இரண்டு கால்கள் வந்து நின்றன. கணுக்கால் தெரியாமல் வீங்கிய கால்கள். இவள் நிமிரவில்லை. கால்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டன.

*

மாடி வீட்டு அம்மாவிடம் ஒரு பழைய கால்மிதி மிஷின் இருந்தது. பத்து மணிக்குத் துணியும் கத்தரியும் இலாஸ்டிக் சுருளுமாக மேலே ஏறினாள். வாலு பின்னாலேயே வந்தாள்.

முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் துண்டுகளைப் பிடித்துப் பார்த்தாள். வெவ்வேறு சுருளிலிருந்து வந்த துணி உள்ளே ஒரே நீலமாகத் தெரியும், வெயிலில் பிடித்தால் அண்ணன் நீலம், தம்பி நீலம் என்று பிரிந்து நிற்கும். ஒரே சாயலில் இரண்டு தேறியது. பழைய ஸ்கர்ட்டைத் தரையில் விரித்து, துண்டை அதன்மேல் போட்டு, ஆறு விரல் நீளம் கூட்டி வெட்டினாள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, வெறும் இரண்டு சதுரம். இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று தோன்றியது.

பக்கவாட்டில் தைக்க உட்கார்ந்தபோது அந்தத் தைரியம் போய்விட்டது. தொழிற்சாலை மிஷின் தொட்டால் ஓடும். இது மிதித்தால் ஒரு அடி, மறந்தால் பின்னால் ஒரு அடி. ஊசிக்கு நேராகத் துணி போகவே மாட்டேன் என்றது. ஒரு பக்கம் முடித்துப் பார்த்தால், மேலே விரல் அகலம், நடுவில் நூலளவு, கீழே மறுபடி விரல் அகலம். பிரித்தாள். தைத்தாள். பிரித்தாள்.

அக்கா இதை நாளுக்கு அறுநூறு ஸ்கர்ட்டுக்கு, இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டிருந்தவள். ஆயிரத்து இருநூறு நேர்கோடு. ஒன்றுகூடக் கோணி வந்து இவள் கையில் தட்டியதாக நினைவில்லை. ஒன்பது வருஷத்தில் ஒன்றுகூட.

மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

"என்னம்மா, மிஷினுக்குக் கால் வலிக்குதா?" என்றாள் வாலு.

"ஆமா. அதுக்கும் ஞாயித்துக்கிழமைதானே."

ஒரு வழியாக இரண்டு பக்கமும் மூடியது. கீழே மடித்து அடித்தாள், அதுவும் நெளிந்தது. போகட்டும், உட்கார்ந்தால் தெரியாது. இனி இலாஸ்டிக். அப்பாடா என்றிருந்தது. மண்பாதையில் குதித்துக் குதித்து வந்த வண்டி தார்ச் சாலையைத் தொட்ட மாதிரி. சுருளிலிருந்து நுனியை எடுத்தாள், இடது கையால் வலது தோளில் அழுத்தினாள், வலது கையை நீட்டி விரல் நுனிவரை இழுத்தாள். கத்தரி. கண்ணால் பார்க்கக்கூட இல்லை. வளையமாக்கி, நாலு இடத்தில் குறி வைத்து, இழுத்து இழுத்துத் தைத்தாள். கால் மணி நேரம் ஆகவில்லை. இடுப்புச் சுருக்கம் கடைச் சரக்கு மாதிரி வரிசையாக விழுந்தது.

"போட்டுப் பாரு வா."

வாலு காலை விட்டு ஏற்றி, இடுப்பில் நிறுத்தி, கையை எடுத்தாள். ஸ்கர்ட் எந்த அவசரமும் இல்லாமல் இறங்கிக் காலடியில் போய் உட்கார்ந்தது.

"அம்மா, இது உனக்குத் தச்சியா?"

மறுபடி ஏற்றினாள். மறுபடி இறங்கியது. வாலுவுக்கு அது விளையாட்டாகிப்போனது. ஏற்றினாள், விட்டாள், ஏற்றினாள், விட்டாள். மாடி வீட்டு அம்மாகூட வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. டேப்பை எடுத்து ஸ்கர்ட்டின் இடுப்பைச் சுற்றி அளந்தாள். தையலுக்குள் போனதையும் சேர்த்தால் அறுபத்தாறு சென்டிமீட்டர் இலாஸ்டிக். அறுபத்தாறு என்பது பெரிய சைஸ். பெரிய பொம்பளைகளுக்கு. தொழிற்சாலையில் முக்கால்வாசிக் கட்டு பெரிய சைஸ்தான் வரும். அவள் தோளிலிருந்து விரல் நுனிக்கு அச்சுப் பிசகாமல் அந்த நீளம் இருந்தது பெரிய வரம் என்று முதல் வருஷமே சொன்னார்கள். "உனக்கு டேப்பே வேணாம்டி" என்று. சின்ன சைஸ் கட்டு வரும்போது மட்டும் கையை நீட்டக் கூடாது. மேசை ஓரத்தில் சுண்ணாம்புக்கட்டியால் போட்ட கோட்டில் வைத்து வெட்ட வேண்டும். அதற்குக் கட்டின் மேல் சைஸ் எழுதியிருக்கும் சீட்டைப் பார்க்க வேண்டும்.

மகள் முன்னால் நிற்கிறாள். அவள் இடுப்பு இத்துனூண்டு என்று தெரியும். தெரிந்தும் கை தன் பாட்டுக்கு நீண்டு, வெட்டிவிட்டது.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால், அந்த நாற்பதுக்கும் வெட்டும்போது சீட்டைப் பார்த்தோமா?

நினைவைத் துழாவினாள். சீட்டு வரவே இல்லை. தோள் வலிதான் வந்தது. சின்ன சைஸ் கட்டு வந்தால் தோளுக்குக் கொஞ்சம் ஓய்வு, கையை நீட்டும் வேலை இல்லை. அன்று அந்த ஓய்வே கிடைக்கவில்லை, வேனில் ஏறும்போது தோளைப் பிடித்துக்கொண்டே ஏறினாள். நன்றாக நினைவிருந்தது.

துணி எவ்வளவு அகலமாக இருந்தால் என்ன, இலாஸ்டிக் எவ்வளவோ அவ்வளவுதான் இடுப்பு. பதினோரு வருஷம் அதை மட்டுமே தைத்தவளுக்கு அது தெரியாதா? தெரியும். அன்று சொன்னபோதும் எங்கோ உள்ளே தெரிந்துதான் இருந்திருக்கும்.

"வாலு, செருப்பைப் போடு. பெரியம்மா வீட்டுக்குப் போறோம்."

*

இரண்டு தெரு தள்ளி, படிக்கட்டுக்குக் கீழே ஒற்றை அறை. சைடு அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, வெந்நீர் வாளியில் இரண்டு காலையும் விட்டிருந்தாள். கதவு திறந்தே கிடந்தது. வாலு ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அக்கா அவளை அணைத்துக்கொண்டே, வாசலில் நின்றவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உள்ள வரணும்னா வா. எந்திரிச்சு வரவேற்க என் காலு தண்ணியில இருக்கு."

இவள் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தாள். ஸ்கர்ட்டை நீட்டினாள். அக்கா அதைத் திருப்பிப் பக்கத் தையலைப் பார்த்தாள்.

"என்னது இது, எறும்பு ஊருக்குப் போன வழியா?"

"இடுப்பைப் பாருக்கா."

அக்கா இரண்டு கட்டைவிரலையும் உள்ளே விட்டு விரித்தாள். விரித்ததும் கை நின்றது. வாலு பக்கம் பார்த்தாள், இவள் பக்கம் பார்த்தாள்.

"அறுபத்தாறு," என்றாள் இவள். "என் கை. அன்னிக்கு அந்தக் கட்டும் என் கைதான்க்கா. உன் தையல்ல ஒண்ணும் இல்ல."

அக்கா ஸ்கர்ட்டை மடியில் வைத்தாள். வெந்நீரில் காலை ஆட்டினாள்.

"தெரியும். அந்த நாப்பதையும் என்னைத்தானே பிரிக்கச் சொன்னாங்க. ரெண்டாவது பீஸ் பிரிக்கும்போதே இலாஸ்டிக்கை அளந்துட்டேன்."

"சார்கிட்டச் சொல்லலியா?"

"சொன்னேனே. 'பதினோரு வருசக் கைம்மா அது, தப்பாது'ன்னுட்டார். உன் கைக்கு அவ்ளோ மரியாதை. என் வாய்க்கு இல்ல."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல."

"உங்கிட்டயா?" அக்கா முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள், அதுவும் அரை அங்குலம்தான். "நேத்துத் துணி பொறுக்கும்போது வந்து நின்னேன். காலு கழண்டு விழுற வலியில, நிக்க முடியாம நின்னேன். நீ தலையைத் தூக்கினியா?"

இவள் தரையைப் பார்த்தாள். வாலு இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, ஸ்கர்ட் அவுந்து விழுது" என்றாள், பேச்சு முக்கிய விஷயத்துக்கு வரட்டும் என்பதுபோல்.

"விழாம என்ன பண்ணும். உங்கம்மா உன்னை யானைக்குட்டின்னு நெனச்சு வெட்டியிருக்கா. அந்த ஊசியை எடு."

அக்கா பிரிக்க ஆரம்பித்தாள். இவளும் மறுபக்கம் பிடித்துப் பிரித்தாள். இழுத்துத் தைத்த இலாஸ்டிக், இலேசில் வருமா? ஒரு மணி நேரம் ஆனது. பிரித்த பிறகு இடுப்பைச் சுற்றி ஊசி ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன.

"வீட்டுல தைக்கும்போது எதுக்குடி இப்படி ஒட்டவச்சுத் தைக்கிறே? மேல மடிச்சு ஒரு குழாய் மாதிரி அடி. ஒரு எடத்துல வாய் விடு. இலாஸ்டிக் நுனில ஊக்கைக் குத்தி உள்ள ஓட்டி இந்தப் பக்கம் இழுத்துடு. நாளைக்கு அவ வளந்தா உருவிட்டு வேற போடலாம்."

"எனக்கு அது தெரியாதுக்கா."

"பதினோரு வருசமா இலாஸ்டிக்கு."

"ஆமா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாளியிலிருந்து காலை எடுத்துத் துடைத்துக்கொண்டு தன் மிஷினில் உட்கார்ந்தாள். ஓட்டைகள் உள்ளே மறையும்படி இடுப்பை மடித்து அடித்தாள். கேட்காமலே பக்கத் தையலையும் திருத்தினாள். இரண்டு கோடும் தண்டவாளம் மாதிரி விழுந்தன. பிறகு டேப்பை எடுத்து இவளிடம் எறிந்தாள்.

"கையை நீட்டாதே. புள்ளையை அளந்து வெட்டு."

வாலுவின் இடுப்பு ஐம்பத்து மூன்று. நாலு குறைத்து வெட்டினாள். ஊக்கைக் குத்தி ஓட்டினாள். வாலு போட்டுக்கொண்டு குதித்தாள், சுற்றினாள், கீழே இழுத்துப் பார்த்தாள். ஸ்கர்ட் நகரவில்லை.

புறப்படும்போது இவள், "நாளைக்குக் காலைல சார்கிட்டச் சொல்றேன்" என்றாள்.

"சொன்னா உன்னை அந்த மேசைக்கு அனுப்புவார்."

"தெரியும்."

"அப்ப தூங்கு போ. நிக்கறதுக்குத் தெம்பு வேணும்."

*

திங்கட்கிழமை சங்கு ஊதக் கால் மணி நேரம் இருந்தது. சூப்பர்வைசர் பதிவேட்டைத் திறந்து வைத்துப் பேனாவை உதறிக்கொண்டிருந்தார். புதுப்பெண் பக்கத்தில் நின்றாள். இவள் இலாஸ்டிக் சுருளும் டேப்புமாகப் போய் நின்றாள்.

"சார், எழுதறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம். நான் கண்ணை மூடிக்கிட்டு வெட்டறேன். நீங்க அளந்து சொல்லுங்க."

"எதுக்கும்மா காலங்காத்தால?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் மூன்று துண்டு வெட்டியிருந்தாள். அவர் அளந்தார். அறுபத்தாறு. அறுபத்தாறு. அறுபத்தஞ்சரை.

"அதான் சொன்னேனே. கையா இது, மிஷினா."

"மிஷினா இருந்தா சின்ன சைசுக்கு மாத்தி வச்சிருப்பாங்க சார். அந்த நாப்பதும் இப்படி வெட்டினதுதான். சீட்டைப் பாக்கல. பழியைத் தூக்கி சைடு அக்கா மேல போட்டேன். துணி அகலத்துக்கும் இடுப்புக்கும் சம்பந்தமே இல்ல. இலாஸ்டிக்தான் இடுப்பு."

அவர் மூன்று துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்.

"பதிமூணு நாள் கழிச்சு வந்து சொல்றீங்க."

"ஆமா சார்."

"அந்தம்மா எங்கிட்ட இதையேதான் சொன்னாங்க." பேனாவை மூடினார். "நாப்பது பீஸ். மேலிடத்துக்கு நான் பதில் சொல்லணும். அந்த மேசையில யாராவது ஒருத்தர் நின்னுதானே ஆகணும்மா."

"நான் நிக்கறேன்."

"ஒரு மாசம்."

"சரி சார்."

சங்கு ஊதியது. புதுப்பெண் இலாஸ்டிக் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். அவள் முன்னால் டேப்பை ஒட்டிவைத்தார்கள். சைடு அக்கா தன் பழைய இருக்கையில் மெதுவாக உட்கார்ந்து, காலை நீட்டி, மிதியில் வைத்துப் பார்த்தாள்.

இவள் பிசிர் மேசைக்குப் போனாள். சின்னக் கத்தரி. மலைபோல் ஸ்கர்ட். நூலைத் தேட வேண்டும், வெட்ட வேண்டும், திருப்ப வேண்டும். பத்து மணிக்குக் குதிகால் பேச ஆரம்பித்தது. பன்னிரண்டுக்குத் தொடைவரை ஏறியது. தோள் மட்டும் பல வருஷத்துக்குப் பிறகு சும்மா இருந்தது. நடுவில், வாலு இந்நேரம் வகுப்பில் எத்தனை பேரிடம் 'அம்மாவும் பெரியம்மாவும் தச்சது' என்று சொல்லி முடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு தடவை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள். இங்கிருந்து பார்த்தால் வரிசை முழுக்க முகம். ஒன்பது வருஷம் முதுகாகவே தெரிந்த அக்கா இப்போது நேர் எதிரே இருந்தாள். தைக்கும்போது அவள் கீழுதட்டைக் கடித்துக்கொள்வாள் என்பது இவளுக்கு இதுவரை தெரியாது. கண்ணுக்குக் கீழே இவ்வளவு கருவளையம் இருப்பதும்.

மதிய இடைவேளையில் அக்கா தண்ணீர் பாட்டிலோடு மேசைப் பக்கம் வந்தாள். இவள் காலைப் பார்த்தாள்.

"ரெண்டு காலையும் ஊணி நிக்காதே. ஒண்ணை மாத்தி ஒண்ணு. மூணு மணி வரைக்கும்தான் வலிக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் காலு இருக்கறதே தெரியாது."

பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு, தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள். இவள் இடது காலைத் தூக்கி, வலது காலில் பாரத்தைப் போட்டு நின்று, அடுத்த ஸ்கர்ட்டை எடுத்தாள்.